உதவித்தொகை எந்தக் கணக்கில் ஏறியது? கடலூர் - புதுச்சேரி எல்லையில் ஓர் இ-சேவை மையத்து அனுபவம்

"அக்கா, ஸ்காலர்ஷிப் ஏறல" என்று என் இ-சேவை மையத்துக்கு வரும் பிள்ளையிடம் நான் பாஸ்புக்கைக் கேட்பதில்லை. "கடைசியா எந்த பேங்க்ல ஆதார் குடுத்த?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் உடனே பதில் வராது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரீசார்ஜ் பண்ற கடையில சும்மா ஒரு அக்கவுன்ட் ஓப்பன் பண்ணாங்க, அதுவா?" என்பார்கள். அதேதான்.

அரசு உதவித்தொகைகளில் பெரும்பகுதி இப்போது ஆதார் வழியாகப் போகிறது. விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் பணம் வரும் என்று நாம் காத்திருப்போம். பணம் அனுப்பும் நேரத்தில் பார்ப்பதோ, வங்கிகளுக்கிடையே பணம் போய்வர வைக்கும் தேசிய நிறுவனமான என்பிசிஐ வைத்திருக்கும் ஓர் அட்டவணையை. அதில் ஓர் ஆதார் எண்ணுக்கு எதிரே ஒரே ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எந்த வங்கி இணைத்ததோ அதுவே நிற்கும். புதுமைப் பெண் திட்டத்துப் பணத்துக்காகக் கல்லூரி சொன்னபடி ஒரு வங்கியில் கணக்கு தொடங்கியிருப்பாள் ஒரு பெண். ஆறு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் குடை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் சிம் கார்டு வாங்கும்போது ரேகை வைத்திருப்பாள். அந்த ரேகையோடு ஒரு செல்போன் வங்கிக் கணக்கும் பிறந்துவிடும். அதன் பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் அங்கே போய் விழுந்துகொண்டிருக்கும். இவள் இங்கே பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதில் இன்னொரு சிக்கல். வங்கியில் போய்க் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கேம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கணக்கு தொடங்க அடையாளத்துக்குக் கொடுத்த ஆதார் அந்தக் கணக்கோடு சேர்ந்துதான் இருக்கும். ஆனால் அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று தனியாக ஒரு ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுத்தால்தான் அந்த அட்டவணையில் வங்கியின் பெயர் மாறும். வங்கிக்குப் போகிற பிள்ளைகளிடம், "லிங்க் பண்ணுங்கன்னு கேக்காதே. டிபிடிக்கு சீடிங் பண்ணணும், ஃபார்ம் குடுங்கன்னு கேளு" என்று சொல்லி அனுப்புகிறேன். டிபிடி என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது, சீடிங் என்றால் அந்த அட்டவணையில் வங்கியை ஏற்றுவது. எந்த வங்கி ஏறியிருக்கிறது என்பதை மைஆதார் இணையதளத்தில் ஓடிபி போட்டு இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். காசு கிடையாது, யார் தயவும் வேண்டாம். இன்னொன்று, இரண்டு வருடம் போட்டு எடுக்காமல் விட்ட கணக்கு முடங்கிப்போகும். பள்ளியில் எட்டாம் வகுப்பில் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கைக் கல்லூரிக்குப் போனபின் நம்புகிறவர்கள், முதலில் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்ப்பது நல்லது.

இவ்வளவுதான் விஷயம். தெரிந்தவருக்கு இரண்டு நிமிட வேலை. தெரியாத குடும்பத்துக்கு ஒரு வருட அலைச்சல், சில வீடுகளில் படிப்பே நின்றுபோகிற கதை. இந்த இரண்டு நிமிடத்துக்கும் ஒரு வருடத்துக்கும் நடுவில்தான் என் பிழைப்பு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மையம் கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. எல்லையில் இருக்கும் முள்ளோடை என்றதும் பலருக்கு மதுக்கடைகள் ஞாபகம் வரும், அதற்கு நான் பொறுப்பில்லை. இந்தப் பகுதியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழ்நாடும் புதுச்சேரியும் இங்கே நேர்கோட்டில் பிரியாது. பாகூர், கிருமாம்பாக்கம் அந்தப் பக்கம், ரெட்டிச்சாவடி இந்தப் பக்கம். நடுநடுவே ஒன்றுக்குள் ஒன்றாகத் துண்டு துண்டாக ஊர்கள். பெண் கொடுத்து எடுப்பதற்கு எல்லை கிடையாது. சான்றிதழ் என்று வந்தால் உண்டு.

அக்கா ஒரு மாநிலத்தில், தம்பி பக்கத்து யூனியன் பிரதேசத்தில் என்று படிக்கும் குடும்பங்கள் இங்கே சாதாரணம். தமிழ்நாட்டில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு. "பாகூர்ல இருக்கிற ஸ்கூலும் கவர்மென்ட் ஸ்கூல்தானே?" என்று ஓர் அப்பா கேட்டார். கேள்வி நியாயமானது, ஆனால் விதி அப்படி இல்லை. புதுச்சேரி தன் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 10 சதவீதம் என்று 2023-ல் தனியாகக் கொண்டுவந்தது. அதற்கு அங்கே இருப்பிடச் சான்று வேண்டும், அது புதுச்சேரியின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழி. ஏழாம் வகுப்பில் மாமா வீட்டுப் பக்கத்துப் பள்ளி நன்றாக இருக்கிறது என்று மாற்றிய முடிவு, பதினேழு வயதில் வந்து கதவைத் தட்டும். எல்லையோரம் குடியிருப்பவர்கள் பிள்ளையைப் பள்ளி மாற்றும் முன் இதை ஒருமுறை யோசித்துவிடுங்கள். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் மாற்றிய பிறகுதான் வருகிறார்கள்.

சான்றிதழ் வேலைக்கு வருவோம். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எதற்கும் அரசு நிர்ணயித்த கட்டணம் 60 ரூபாய். மனு விஏஓவிடம் போகும், வருவாய் ஆய்வாளரான ஆர்ஐயிடம் போகும், தாலுகா அலுவலகம் போகும். நடுவில் எங்காவது திரும்பும். திரும்பினால் ஒரு வரியில் காரணம் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. "ஆவணம் சரியில்லை" என்று வந்தால் எந்த ஆவணம், என்ன சரியில்லை என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்பு எங்கேயும் அச்சில் கிடையாது. அலுவலக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் தலைக்குள் இருக்கிறது. அவர் விற்பது அதைத்தான். மனு எழுதிக் கொடுப்பதற்கு யாரும் ஐந்நூறு ரூபாய் தரமாட்டார்கள். எது திரும்பும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத் தருவார்கள்.

அதனால் மையம் தொடங்கிய காலத்திலிருந்தே ஒரு நீளக் கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வந்த மனுக்களுக்கு மட்டும். என்ன மனு, எந்தப் படியில் திரும்பியது, அவர்கள் எழுதிய காரணம் எழுத்து மாறாமல், மறுபடி என்ன வைத்தோம், நிறைவேறியதா. பெயர் எழுதுவதில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். ஒரு நோட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது புரட்டிப் பார்த்தால், நூறு விதமான காரணம் இருக்கும் என்று நினைத்தது ஏழெட்டுக்குள் அடங்கிவிடுகிறது. குடும்ப அட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தது. செல்போனில் எடுத்த படத்தில் முத்திரை தெரியாதது. அப்பாவின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பிள்ளையின் டிசியில் ஒரு மாதிரி. கணவர் இறந்துவிட்டார் என்று எழுதிவிட்டு இறப்புச் சான்று வைக்காதது. கணவர் விட்டுவிட்டுப் போனவர் என்றால் அது இன்னும் கஷ்டம். அதற்கு வைக்க ஒரு காகிதமே இருக்காது. விஏஓவை நேரில் பார்த்துச் சொல்லி, அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்வதைத் தவிர வழி தெரியவில்லை. முதல் பட்டதாரிச் சான்றில் அடிக்கடி வருவது, அண்ணனோ அக்காவோ அதே சலுகையில் ஏற்கெனவே படித்திருப்பது. அதைச் சொல்லாமல் மறைத்தால் வேலை ஆகும் என்று சிலருக்கு நினைப்பு. ஆகாது.

இந்த நோட்டைப் பக்கத்து மையக்காரர்களோடு பகிரலாம் என்று சொன்னபோது ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "ஏம்மா, நம்ம கடை ரகசியத்த நாமளே ஊருக்குச் சொல்லவா?" என்றார். அவர் கவலை வீண் இல்லை. ஆனால் நடந்தது வேறு. நாங்கள் சிலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்தோம். திரும்பிய மனுவின் காரணத்தைக் குரல் பதிவாகப் போடுவோம், ஏனென்றால் கவுன்டரில் ஆள் நிற்கும்போது யாருக்கும் டைப் அடிக்க நேரமில்லை. ஒருவருக்கு இன்று திரும்பியது, நாளை மற்றவருக்குத் திரும்பாமல் போனது. ஒரே தடவையில் வேலை முடிகிறது என்று பெயர் வந்தால் கூட்டம் குறையாது, கூடும். அந்த நண்பர்தான் இப்போது குழுவில் அதிகம் பேசுகிறவர். இரவு பதினொன்றுக்கும் குரல் பதிவு போடுவார், அதை மட்டும் யாராவது அவரிடம் சொன்னால் தேவலை.

இது நாங்கள் கண்டுபிடித்த வழி ஒன்றும் இல்லை. என் சின்னம்மா வீடு வில்லியனூர். சின்ன வயதில் லீவுக்கு அங்கே போவேன். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவில் வைத்து, சுற்றியுள்ள புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். தொலைபேசி லைன் நம்ப முடியாது என்பதால் வயர்லெஸ் கருவிகள் வழியாகக் கணினிகளை இணைத்தார்கள். கரன்ட் போகும் என்பதால் சோலார். மையத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள். எம்பலத்தில் கோயில் வளாகத்தில் மையம் இருந்தது. எல்லாச் சாதிக்காரரும் தடையில்லாமல் வந்துபோகிற இடமாக இருந்தால்தான் மையம் என்பது அந்தத் திட்டத்தின் நிபந்தனை. கணினி கொடுப்பவர்கள் இந்த நிபந்தனையைப் போட வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

அவர்கள் இணையத்திலிருந்து இறக்கியதைவிட ஊருக்குள் சேகரித்தது அதிகம். நெல் விலை என்ன, எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எந்த நாளில், ஏழைக் குடும்பங்களுக்கு என்னென்ன அரசுத் திட்டம் என்று பட்டியல் பட்டியலாக வைத்திருந்தார்கள். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு வேண்டியது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை முன்னறிவிப்பு வரும். அதை எடுத்துத் தமிழில் சொல்லி ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். கட்டுமரத்தில் போகிறவர் கணினியைத் தொட வேண்டியதில்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளலாம். இப்போது ஐதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அந்த வேலையை நம் கடலுக்கென்றே செய்கிறது.

அந்த ஒலிபெருக்கி என்ன செய்யும் என்பது சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நல்லவாடு மீனவர் கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர், தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போட்டார். ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் ஊரைக் காலி செய்யச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர், உயிர் தப்பியது. அதே காலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். தேவனாம்பட்டினம் பக்கம் என் தோழி வீட்டிலும் சாவு.

நல்லவாட்டுக் கதையைச் சொல்கிறவர்கள் போன் காலைப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஒலிபெருக்கியில் குரல் வந்ததும் மக்கள் ஓடினார்கள் என்பது. தினமும் அலை உயரம் சொல்லி, மீன் விலை சொல்லி, அது பெரும்பாலும் சரியாகவும் இருந்து, காதில் பழகிய கருவி அது. திடீரென்று யாரோ கொண்டுவந்து வைத்த மைக்கில் சொல்லியிருந்தால் "எவனோ குடிச்சிட்டுப் பேசறான்" என்று விட்டிருப்பார்கள்.

என் கடை வாசலில் கரும்பலகை வைத்ததற்கு இதுதான் காரணம். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதில் எழுதுவது. எந்த சர்வர் இன்று வேலை செய்யவில்லை, எந்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது, எதற்கு எந்த அசல் கொண்டுவர வேண்டும். ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு திட்டத்தின் பெயரும் யாருக்கு என்பதும். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படிப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பாட்டிகள் பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்கள். டிஜிட்டல் போர்டு வைக்கச் சொல்லி நிறைய யோசனை வந்தது. சாக்பீஸ் போதும்.

பலகையில் அடிக்கடி எழுதும் ஒரு வரி: "ஆதாரில் உள்ள போன் நம்பர் உங்கள் கையில் இருக்கிறதா?" பண்ருட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் பகுதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் பலர், அங்கே முந்திரி உடைத்தவர்கள். கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரிக்கும். வருடக்கணக்கில் உடைத்த விரலில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவியில் வைத்தால் சிவப்பு விளக்குதான். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார்கள், முகம் வாடிப்போகும், ஏதோ தாங்கள் தப்பு செய்த மாதிரி. கையைக் கழுவித் துடைத்து, ஈரப்பசை கொஞ்சம் இருக்கும்போது மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் முயன்றால் சிலருக்குக் கிடைக்கும். கருவிழிக் கருவி இருக்கும் இடத்தில் கவலை இல்லை. மற்றபடி பெரும்பாலும் ஓடிபிதான் வழி. ஓடிபி எங்கே போகும்? மகன் நம்பருக்கு. மகன் எங்கே? திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறான். அவனை எழுப்பிச் சொல்ல வைப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். நம்பரை ஆதார் மையத்தில் மாற்றிக்கொள்ளலாம். வேறு எதற்காவது டவுனுக்குப் போகும்போது அதையும் முடித்துக்கொள்ளச் சொல்வேன். அதேபோல, பிள்ளைக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ரேகையும் கருவிழியும் புதுப்பித்தாக வேண்டும். பதினைந்தில் விட்டுவிட்டால் சிக்கல் வரும் நேரம் சரியாகப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நேரம்.

படிக்கிற பிள்ளைகள் என் மையத்துக்குள் வந்தது கொரோனா காலத்தில். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே வந்துவிட்டது, 2020-ல் அதுதான் வகுப்பறை. பாடப்புத்தகத்தில் 2018 முதல் கியூஆர் கோடு இருக்கிறது, அதை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். எல்லாம் இருந்தது, வீட்டில் போன் ஒன்று, பிள்ளைகள் மூன்று. அப்பா வேலைக்குப் போகும்போது அந்தப் போனும் கூடவே போகும். ராத்திரி நெட் வேகமாக இருக்கும் நேரத்தில் வீடியோக்களை இறக்கி மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தேன். பழைய பட்டன் போனில்கூட சிலதில் ஓடும். ஒரு கார்டு ஒரு தெருவைச் சுற்றி வரும். பெரிய பெரிய செயலிகளைவிட அந்த மெமரி கார்டு அப்போது அதிகம் கற்றுக்கொடுத்தது என்பேன். அடுத்த வருடம் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, எங்கள் தெருவில் தன்னார்வலராகச் சேர்ந்த பெண்ணும் அதே கார்டுகளைத்தான் வாங்கிப்போனாள்.

கொரோனா போனது, பிள்ளைகள் போகவில்லை. இப்போது மே, ஜூன் மாதங்களில் என் மையத்தில் ஒரு விதி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே டைப் அடிக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்காருவேன், கீபோர்டைத் தொடமாட்டேன். நேரம் மூன்று மடங்கு ஆகும். வெளியில் காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் இதில் நான் இறங்கி வருவதில்லை. காரணம் இதுதான். அவசரத்தில் கடைக்காரரே ஒரு மின்னஞ்சல் உருவாக்கி, தன் போன் நம்பரையே போட்டு, பாஸ்வேர்டு என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி எதையோ வைத்து முடித்துவிடுவது வழக்கம். கலந்தாய்வு நடுவில் பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி அந்தக் கடைக்காரருக்குப் போகும். அவர் சிம் மாற்றியிருந்தால் கதை முடிந்தது. சொந்த மின்னஞ்சல், வீட்டில் உள்ள நம்பர், நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த பாஸ்வேர்டு. இந்த மூன்றும் இல்லாமல் யாரும் எழுந்து போகக் கூடாது.

பொறியியல் கலந்தாய்வு 2018-ல் ஆன்லைனுக்கு வந்தபோது, இனி சென்னைக்குப் பஸ் ஏற வேண்டாம் என்று சந்தோஷப்பட்டோம். அலைச்சல் நின்றது உண்மை. ஆனால் முன்பு கவுன்டரில் எதிரே திரையில் பார்த்து, அப்பாவிடம் கேட்டு, ஒரு கல்லூரியைச் சொல்லி எழுந்து வருவார்கள். இப்போது விருப்பப் பட்டியலை முன்கூட்டியே வரிசையாகப் போட வேண்டும். தரவரிசையையும் நீங்கள் போட்ட வரிசையையும் வைத்துத்தான் இடம் ஒதுக்குவார்கள். அதனால் உண்மையாக எது வேண்டுமோ அதை மேலே போடுங்கள். "கிடைக்காதுன்னு தெரியும், அதனால கீழ போட்டேன்" என்று வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரியும். மேலே போட்டுக் கிடைக்காவிட்டால் நஷ்டம் இல்லை. கீழே போட்டுவிட்டு, மேலே இருப்பது கிடைத்துவிட்டால் அதோடு சரி. முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி எந்தப் பிரிவில் எந்த கட் ஆஃபில் முடிந்தது என்பது எல்லோருக்கும் கிடைக்கும். அதைப் பார்க்காமல் உறவினர் சொல்லும் பெயரை மட்டும் நம்பிப் பட்டியல் போடாதீர்கள்.

இதையெல்லாம் நான் சொன்னால் பாதிதான் ஏறும். போன வருடம் கல்லூரிக்குப் போன பிள்ளை வந்து சொன்னால் முழுதாக ஏறும். எனவே மே மாதம் சீனியர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். "அந்த காலேஜ்ல பஸ் ஃபீஸ் மட்டும் இவ்வளவு", "ஹாஸ்டல்ல தண்ணி வராது" என்பதெல்லாம் எந்த இணையதளத்திலும் இருக்காது. டீயும் போண்டாவும் என் செலவு. சாயங்காலம் மையத்தில் நடக்கும் வகுப்புக்குப் பணம் வாங்குவதில்லை. பிரின்டுக்கும் ஜெராக்ஸுக்கும் வாங்குவேன். இலவசமாகக் கொடுத்தால் ஒரே பக்கத்தை ஐந்து தடவை எடுக்கிறார்கள், அனுபவம்.

புயல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் ஊரில் அதுவும் கல்விச் செலவில் சேரும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அதன் பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. 2015 வெள்ளம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. அது ஓய்ந்ததும் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. ஒவ்வொரு தடவையும் பீரோவின் அடித்தட்டில் இருந்த மார்க் ஷீட் கூழாகி வரும். அக்டோபர் பிறந்ததும் கரும்பலகையில் எழுதிவிடுவேன்: "அசல் சான்றிதழ் எல்லாம் ஜிப் கவரில் போட்டுப் பரண் மேல். ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்." டிஜிலாக்கர் நல்லதுதான், ஆனால் அதைத் திறக்கவும் அந்த ஆதார் நம்பர் போன்தான் வேண்டும். ஸ்கேன் செய்ததை என் கணினியில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். வைப்பதில்லை. அடுத்தவர் வீட்டுக் காகிதம் என் பெட்டியில் இருக்கக் கூடாது.

இப்போது மனதைக் குடையும் விஷயம் வேறு. முன்பெல்லாம் புதுச்சேரி அரசுப் பள்ளிகளிலும் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம்தான். அக்கா படித்த புத்தகம் எல்லை தாண்டி சித்தி மகனுக்குப் போகும். அடிக்கோடு போட்டது, ஓரத்தில் எழுதியது எல்லாம் சேர்ந்தே போகும். 2023-24 முதல் அங்கே மேல் வகுப்புகளையும் சிபிஎஸ்இக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் கல்வியாளர் இல்லை. என் கண்ணில் படுவது இதுதான். சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி அறிவியல், கணக்குப் புத்தகங்கள் எங்கள் கைக்குத் தமிழில் வருவதில்லை. ஆங்கிலப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பிரின்ட் போட்டும் தருகிறேன். ஆனால் பத்தாவது வரை தமிழில் படித்த அம்மா, மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அந்தப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். எங்கள் பிள்ளைகளின் மெமரி கார்டுகளும் அந்த வீடுகளில் உதவுவதில்லை.

அதற்காக ஒன்று தொடங்கியிருக்கிறோம். கல்லூரிக்குப் போகிற மூன்று பெண்கள், ஒவ்வொரு பாடத்தையும் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் பேசிப் பதிவு செய்கிறார்கள். பக்க எண் சொல்லி, "இந்தப் படத்தைப் பாரு, இதுல அம்புக்குறி எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டுக் கேட்டு. வீடியோ இல்லை, வெறும் குரல்தான். அதனால் கோப்பு சின்னது, எந்தப் போனிலும் ஓடும். அம்மாக்களும் கூடவே உட்கார்ந்து கேட்கிறார்கள். இயற்பியலும் உயிரியலும் ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்டது. கணக்கைக் குரலில் சொல்வது கஷ்டம் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிறுகளில் நேரிலேயே வருகிறார். வேதியியலுக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.